தடித்த எழுத்தில் வந்த பாசிட்டிவ்

நாலாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. மொத்தம் எட்டு வரிகள். அதில் நான்கு தடித்த எழுத்தில் இருந்தன. ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். ஹெர்பிஸ் 1, 2 ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். அதற்குக் கீழே ஹெர்பிஸ் 1, 2 ஐ.ஜி.எம். பாசிட்டிவ், அளவு 1.26. பக்கத்தில் பொடி எழுத்தில், 0.9க்குக் கீழே இருந்தால் நெகட்டிவ், 1.1க்கு மேலே போனால் பாசிட்டிவ் என்று போட்டிருந்தார்கள். ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்பவை கிருமியை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் இரண்டு வகை எதிர்ப்பொருள்கள்.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஹெர்பிஸ் என்ற சொல்லை மட்டும் போனில் தேடினேன். முதல் வரியிலேயே 'பால்வினை நோய்' என்று வந்தது. எதிரில் இருந்த கெமிஸ்ட்ரி டீச்சர், "ஊறுகாய் வேணுமா டீச்சர்?" என்று கேட்டார். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அம்மாவையும் என் வீட்டுக்காரரையும் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது எழுதக் காரணம், போன மாதம் என் சித்தி மகள் கிட்டத்தட்ட இதே ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பி, "அக்கா, இதை இவர்கிட்ட காட்டவா, வேண்டாமா?" என்று கேட்டதுதான். அவளுக்கு ராத்திரி பதினொன்றரை வரை போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

எனக்கு அதற்குள் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டுமே ஒன்பதாவது வாரத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது முறை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டில் வரிசையாக டெஸ்டுகளை டிக் அடித்துக் கொடுத்தார்கள். அதில் ஒன்று 'டார்ச்'. இருட்டில் அடித்துப் பார்க்கிற டார்ச் மாதிரி உள்ளே என்ன கோளாறு என்று காட்டிவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன். அது சில கிருமிகளின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் என்பது அப்புறம்தான் தெரிந்தது: டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ் (ரிப்போர்ட்டில் இருந்த சி.எம்.வி.), ஹெர்பிஸ். 1971இல் அமெரிக்காவில் ஆந்த்ரே நாமியாஸ் என்ற மருத்துவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் வைத்தது. தாயிடமிருந்து தொற்றி நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்காக வந்த பெயர் அது. கரு கலைந்த பெண்ணுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, அடிக்கடி கரு கலைகிறவர்களுக்கு டார்ச் எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் பாதி, குரோமோசோம் சரியாகச் சேராததால் கலைகின்றன. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. டிக் அடித்த சீட்டைத்தான் கொடுத்தார்கள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "இன்ஃபெக்‌ஷன் இருக்கும்மா. ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிடணும்" என்று அசைக்ளோவிர் எழுதி, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். என்ன இன்ஃபெக்‌ஷன், எப்போது வந்தது, எங்கே இருக்கிறது என்று ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை என்பதுதான் சரி.

என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் திண்டுக்கல் வருவார். அந்த ஐந்து நாளும் நான் செய்த காரியங்களை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, அவர் பெங்களூருக்கு வேலையாகப் போன நாட்களைக் கணக்குப் போட்டேன். அவருடைய பழைய பையைத் திறந்து பார்த்தேன். ஒரு டிக்கெட்டும் இரண்டு பட்டனும் இருந்தன.

சனிக்கிழமை ராத்திரி மாத்திரையைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "என்னங்க, ஏதோ இன்ஃபெக்‌ஷனாம்" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் பெயரைக் கேட்டார். சொன்னேன். போனை எடுத்துத் தேடினார். முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு, ரூமில் ஃபேன் சத்தமாக ஓடுகிறது என்று சொல்லி ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். அந்த ஃபேன் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் ஓடுகிறது.

அம்மா வேறு மாதிரி. "ஹெர்பிஸ்னா அக்கிதானே?" என்றாள் போனில். யாரோ டாக்டர் வீட்டில் அவள் காதில் விழுந்த சொல். "மண்பானை செய்யறவர்கிட்ட போய்க் காவியில எழுதிட்டா மூணே நாள்ல இறங்கிடும். உங்க தாத்தாவுக்கு இடுப்புல வந்தப்ப எழுதினோமே." ஒரு வாரத்தில் நான் முதல் தடவை சிரித்தது அப்போதுதான். அம்மா முழுக்கத் தப்பும் இல்லை. அக்கிக்குக் காரணமான வைரஸும் ஹெர்பிஸ் குடும்பம்தான். சின்ன வயதில் சின்னம்மையாக (சிக்கன்பாக்ஸ்) வந்து, நரம்பில் தங்கி, வயதான பிறகு அக்கியாகக் கிளம்புவது. நான் வேறு கிளையில் மாட்டியிருந்தேன்.

பத்து நாள் கழித்து, மதுரையில் ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போனோம். அரசு மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்ற அம்மா அவர். ரிப்போர்ட்டை மேஜை மேல் வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் கேட்டார்.

"கீழே எப்பவாவது புண்ணு, கொப்புளம், எரிச்சல்?"

"இல்ல டாக்டர்."

"உதட்டுல?"

யோசித்தேன். பிளஸ் டூ படிக்கும்போது காய்ச்சல் வந்து விட்டால் உதட்டோரம் சின்னச் சின்னதாகப் பொரியும். பூச்சி எச்சம் பட்டிருக்கும் என்று அம்மா மஞ்சள் அரைத்துப் போடுவாள். சொன்னேன்.

"அதும் ஹெர்பிஸ்தான்மா. ஒண்ணாம் நம்பர். இத்தனை வருஷமா உங்க கூடவே இருக்கு. இந்த டெஸ்ட்ட யாரு எடுக்கச் சொன்னது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

டாக்டர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் இரண்டு வகை. ஒன்றாம் வகை பெரும்பாலும் வாய், உதடு. சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு அது இருக்கிறது. டம்ளரை எச்சில் பண்ணாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் குழந்தையைக் கொஞ்சுகிற அத்தைகளை யார் தடுப்பது? இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவு மூலம் வருவது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் உலக அளவில் சுமார் எட்டில் ஒருவருக்கு இருக்கிறது. ஒன்றாம் வகையும் பிறப்புறுப்பில் வரலாம். எந்த வகையானாலும் உடம்பை விட்டுப் போகாது. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிப் படுத்துக்கொள்ளும். நிறையப் பேருக்கு ஆயுசுக்கும் ஒரு கொப்புளம்கூட வராது, அல்லது வந்ததை ஏதோ கடி என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

என் ரிப்போர்ட்டில் ஒன்றையும் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில் போட்டிருந்தார்கள். ஆக, அந்த ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், பிளஸ் டூ படிக்கும்போது வந்த உதட்டுக் கொப்புளமாகவே இருக்கலாம். என்னைப் பயமுறுத்திய ஐ.ஜி.எம். அதைவிட மோசம். ஐ.ஜி.எம். வந்தால் புதுத் தொற்று, ஐ.ஜி.ஜி. வந்தால் பழசு என்று நாம் படித்த பாடம் ஹெர்பிஸுக்குப் பொருந்தாது. பழைய வைரஸ் தூக்கம் கலைந்து எழும்போதும் ஐ.ஜி.எம். வரும். அம்மை வைரஸ் மாதிரி அதே குடும்பத்தின் வேறு வைரஸைப் பார்த்தும் ஏமாந்து பாசிட்டிவ் காட்டும். வகையையும் பிரித்துச் சொல்லாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.எம். எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த 1.26 எதையும் சொல்லவில்லை. அதை வைத்துத்தான் நான் காலண்டரைக் கழற்றினேன்.

ருபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பது எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்ற நல்ல செய்தி. அதையும் இதே தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்.

சரி, இரண்டாம் வகை இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்தால்தான் வீட்டில் தூக்கம் வரும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். டாக்டருக்கு அதில் பெரிய விருப்பமில்லை. புண்ணே வராத ஆளுக்கு ரத்தத்தில் தேடப் போனால் வேறு குழப்பம் வரும் என்றார். அப்புறம் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வகை பிரித்துச் சொல்லும் ஐ.ஜி.ஜி. டெஸ்டை இரண்டு பேருக்கும் எழுதினார். அவர் எச்சரித்த மாதிரியே ஆனது. இவருக்கு ஒன்றாம் வகை பாசிட்டிவ், இரண்டாம் வகை நெகட்டிவ். எனக்கு ஒன்றாம் வகை நன்றாக பாசிட்டிவ். இரண்டாம் வகை 1.7. மறுபடியும் தடித்த எழுத்து.

இந்த முறை ஹாலுக்குப் படுக்கப் போனது நான்.

டாக்டரிடம் போனில் சொன்னதும் அவர் பதறவில்லை. "மூணுக்குக் கீழ வந்தா நான் நம்பறதில்லை. நாள் விட்டு, வேற முறையில ஒரு தடவை பார்ப்போம்" என்றார். அதுவும் அவர் சொந்தக் கருத்தில்லை. அமெரிக்க மையத்தின் 2021 வழிகாட்டி, இந்த வகை டெஸ்டில் குறைந்த அளவில் வரும் பாசிட்டிவை, குறிப்பாக 3க்குக் கீழே இருந்தால், வேறொரு முறையில் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அவர்கள் ஊரில் அதற்கு வெஸ்டர்ன் பிளாட் என்று ஒரு டெஸ்ட் உண்டு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகிற காரியமா? வேறு லேபில், வேறு முறையில் செய்கிற டெஸ்ட் போதும் என்று முடிவானது. தொற்று ஏற்பட்டு எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். 12 வாரம் கழித்துப் பார்த்தால்தான் ஓரளவு நம்பலாம். அதனால் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. நான் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். பேயீஸ் தேற்றத்தை வருடா வருடம் போர்டில் போடுகிறேன். தொழிற்சாலையில் இரண்டு இயந்திரம், இத்தனை சதவீதம் குறைபாடுள்ள பொருள், எடுத்த பொருள் குறைபாடுள்ளது என்றால் அது முதல் இயந்திரத்திலிருந்து வந்திருக்க நிகழ்தகவு என்ன என்ற கணக்கு. ஐந்து மார்க் நிச்சயம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். என் ரத்தம் என்று வந்தபோது ஒரு வரி போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, கணக்கு புரிவதற்காக. என்னைப் போல ஒரு தொந்தரவும் இல்லாத 1000 பேர். அதில் நிஜமாகவே இரண்டாம் வகை இருப்பவர்கள் 50 பேர். டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், இருக்கிறவர்களில் 98 சதவீதத்தைப் பிடித்துவிடும். 49 பேர் பாசிட்டிவ். இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லாதவர்கள் 950 பேர். அதில் பத்து சதவீதம் 95 பேர். ஆக மொத்தம் பாசிட்டிவ் வந்தவர்கள் 144. அதில் நிஜம் 49. மூன்றில் ஒன்று!

நோட்டை எடுத்துப் போய் அவரிடம் காட்டினேன். அவர் பி.காம். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப 95 பேர் வீட்டுல சும்மா சண்டையா?" என்றார். அன்றைக்கு ரூமிலேயே படுத்தார்.

டெஸ்ட் அதே டெஸ்ட்தான். அந்தரங்க உறுப்பில் புண்ணோடு வருகிற 1000 பேரிடம் எடுத்தால் பாசிட்டிவில் பெரும்பகுதி நிஜமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் நோய் அதிகம். ஒன்றுமே இல்லாதவர்களை வரிசையில் நிறுத்தி எடுத்தால் பொய் பாசிட்டிவ் குவியும். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இல் சொன்னதையே 2023இலும் சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். இன்னொன்று, அளவு கூடக்கூட நம்பகம் கூடும். 1.7 வேறு, 7 வேறு. ரிப்போர்ட் இரண்டையும் பாசிட்டிவ் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. அதனால் ரிப்போர்ட் கையில் வந்ததும் சொல்லைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். லேபில் எண்ணைத் தராமல் வெறும் பாசிட்டிவ் என்று கொடுத்தால் கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

நெகட்டிவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஒன்றாம் வகைக்கான ரத்த டெஸ்ட் நோய் இருக்கிறவர்களில் பத்தில் மூன்று பேர் வரை தவறவிட்டுவிடும். போன வாரம் தொற்றியிருந்தால் எந்த ரத்த டெஸ்டும் காட்டாது. உடம்பில் புண்ணோ கொப்புளமோ இருக்கும்போது ரத்தத்தை நம்பி உட்கார்வதே வீண். வந்த ஓரிரு நாளுக்குள், காய்ந்து பொருக்குத் தட்டுவதற்கு முன்னால், பஞ்சுக்குச்சியால் அதிலிருந்தே மாதிரி எடுத்து பி.சி.ஆர். பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த வகை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வெட்கப்பட்டு ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு அப்புறம் ரத்தம் கொடுக்கிறவர்கள்தான் அதிகம் என்றார் டாக்டர்.

மூன்று மாதம் கழித்து எடுத்த இரண்டாவது முறை டெஸ்ட், இரண்டாம் வகைக்கு நெகட்டிவ் என்றது. "அப்ப இல்லைன்னு எழுதிக் குடுங்க டாக்டர்" என்றேன். சிரித்தார். "அநேகமா இல்லைன்னு வேணா எழுதறேன். அதுக்கு மேல எந்த டாக்டரும் எழுத மாட்டாங்க." எனக்கு அந்த 'அநேகமாக' கொஞ்ச நாள் உறுத்தியது. இப்போது பழகிவிட்டது.

நெகட்டிவ் வந்ததால் மட்டும் நான் நிம்மதியானேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாளே அவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னது வேறு. "நிஜமாவே ரெண்டாம் நம்பர் இருந்தாலும் அது எப்ப வந்துச்சு, யார்கிட்டருந்து வந்துச்சுன்னு இந்தப் பேப்பர் சொல்லாது. பத்து வருஷத்துக்கு முந்தினதாவும் இருக்கலாம். இத வச்சுப் பஞ்சாயத்து பண்ணாதீங்க." தெரியாமலே பல வருடம் சுமக்கிறவர்கள்தான் பெரும்பாலோர். புருஷனுக்கு நெகட்டிவ், பெண்டாட்டிக்கு பாசிட்டிவ் என்று வந்தாலே நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அத்தைக்குத் தெரிந்திருந்தால் நடந்திருக்கும். அந்த ரிப்போர்ட் என் போனில் இன்னும் பாஸ்வேர்டு போட்ட ஃபோல்டரில்தான் இருக்கிறது.

நிஜமாக இருக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. அடிக்கடி கொப்புளம் வந்தால் தினமும் மாத்திரை போட்டுக் கட்டுக்குள் வைக்கலாம். தினசரி மாத்திரை, துணைக்குத் தொற்றுகிற வாய்ப்பையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பழைய தொற்று இருக்கிற தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 36ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன். ஆபத்து அதிகம் வேறு இடத்தில்தான்: அதுவரை தொற்றே இல்லாத பெண்ணுக்குக் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால், குழந்தைக்குப் போகிற வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். ஆக, கணவருக்கு உதட்டிலோ கீழேயோ கொப்புளம் வரும் வழக்கம் இருந்தால், அந்த மாதங்களில் அவர்தான் தள்ளி இருக்க வேண்டும். எந்த டார்ச் ரிப்போர்ட்டிலும் இது இருக்காது. வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும்.

சித்தி மகளிடம் நான் கடைசியாகக் கேட்டது, அவள் சீட்டில் வேறு என்னென்ன டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள் என்றுதான். தைராய்டு இருந்தது. ரத்தம் உறைவது சம்பந்தமான ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் இல்லை. கர்ப்பப்பையின் வடிவத்தைப் பார்க்கும் ஸ்கேன் இல்லை. இரண்டு முறை கலைந்த பெண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியவை அவை. டார்ச் இருந்தது. ரிப்போர்ட்டை அவள் அவரிடம் காட்டட்டும், ஆனால் டாக்டர் அறைக்குள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது காட்டட்டும் என்று சொன்னேன். வீட்டில், ராத்திரியில், போன் வெளிச்சத்தில் வேண்டாம்.

போன வருடம் மூன்றாவது முறை தங்கியது. வேறு ஆஸ்பத்திரி. முதல் நாள் ரத்தம் எடுக்க உட்கார்ந்தபோது, நர்ஸ் கையில் இருந்த சீட்டில் அதே பெயர் டிக் அடித்திருந்தது.

"சிஸ்டர், இதுல ஏதாவது பாசிட்டிவ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். "தெரியல மேடம். எல்லாருக்கும் போடறதுதான்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறீங்களா?"

போனாள். திரும்பி வரும்போது அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு இருந்தது. "தேவையில்லைன்னுட்டாங்க மேடம். கையை இறுக்கி மூடிக்கோங்க" என்று சொல்லி ஊசியை எடுத்தாள்.